கழற்றாமல் போட்ட கையெழுத்து

சென்ற மாதம் எங்கள் தேவாலயப் பங்கில் ஒரு கல்யாண விருந்து. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் என்னுடைய பழைய தொழிலில் இருக்கும் இளைஞர். பாசிர் ரிஸ்ஸில் வீடு, சிலேத்தார் விமானத் திடலில் வேலை. விமானத்தின் உள்ளிடுக்குகளைப் பார்க்க இப்போது பென்சில் பருமனில் கேமரா வந்துவிட்டது, எல்லாம் திரையில் தெரிகிறது என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஒண்ணையும் கழட்ட வேணாம் அங்கிள். ஓட்டையில விட்டா போதும்லா" என்றார். நல்ல விஷயம்தான். நான் தலையை ஆட்டிவிட்டுப் பிரியாணியைக் கவனித்தேன். ஆனால் கழற்றாமலே பார்த்ததாக நானும் ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. வாய் வராததைக் கை எழுதட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பழைய ஜெட் விமானம் வாங்கப் போகிறார் என்றால், அவர் சார்பில் போய் அதைத் தலை முதல் வால் வரை சோதித்து, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதிக் கொடுப்பது. பெரிய பயணிகள் விமானம் இல்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் உட்காரும் நடுத்தர அளவு. சிலர் சொந்த உபயோகத்துக்கு வாங்குவார்கள், சிலர் வாடகைக்கு ஓட்ட. புதிது வாங்கக் கட்டுபடியாகாதவர்கள் பத்துப் பதினைந்து வயதானதைத் தேடுவார்கள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற வேலைதான்; மாடு நாற்பதாயிரம் அடி உயரத்தில் பறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினேழு வயதில் சிலேத்தாரில் பிரிட்டிஷ்காரர்களின் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். அரம் பிடிக்க ஓர் ஆண்டு, ரிவெட் அடிக்க ஓர் ஆண்டு, திட்டு வாங்க எல்லா ஆண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் சிங்கப்பூரை விட்டு மூட்டை கட்டியபோது எங்களில் பலர் நடுத்தெருவில் நின்றோம். அங்கும் இங்கும் வேலை பார்த்து, லைசென்ஸ் எடுத்து, முப்பது வயதுக்கு மேல்தான் ஹமீது சாரிடம் வந்து சேர்ந்தேன்.

ஹமீது சார் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். கேம்பல் லேனில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் ஆபீஸ். அவரும் மூன்று இன்ஸ்பெக்டர்களும் ஒரு டைப்ரைட்டரும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். ஒரு கண்ணாடியைத் துடைக்க அவ்வளவு நேரம் ஆகாது. அந்த நேரம் முழுவதும் நாங்கள் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

விமானத்தின் பராமரிப்புப் புத்தகத்தை அவர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். புதிதில் எல்லாருக்கும் ஒழுக்கம் இருக்கும், வயதான பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்க்க வேண்டும் என்பார். ஒரு தடவை மூன்று நாட்டுப் பட்டறைகளில், மூன்று வருடங்களில் எழுதப்பட்ட பக்கங்களை ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். எல்லாம் ஒரே மசி, ஒரே அழுத்தம், ஒரே கையின் சாய்வு. யாரோ ஒருவர் ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்று வருடத்தையும் எழுதியிருக்கிறார். விமானத்தைப் பார்க்கவே போகாமல் ஹமீது சார் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

எங்கள் படிவத்தில் ‘நன்று’, ‘சரி’ என்ற சொற்களே கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: பார்த்தது, பார்க்காதது. ஏதாவது ஒன்றில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காததில் போட்டால் ஹமீது சார் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று விட்டுவிடுவார். பார்த்ததில் போட்டால் உன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. சோதனை முடிந்து விமானத்தை மேலே கொண்டுபோய்ப் பார்க்கும் நாளில், உடல் பகுதிக்குக் கையெழுத்துப் போட்டவர் அதில் ஏற வேண்டும். மொத்த அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் என்பதால் ஹமீது சாரும் ஏறுவார். வேறு எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மிஸ்டர் டான் என்பவர் எங்களிடம் வந்தார். கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் வியாபாரி. அவருடைய அண்ணன் இந்தோனேசியாவின் மேடானில் மாரடைப்பு வந்து, சிங்கப்பூர் வர விமானத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்தே இறந்துபோனார். மேடானிலிருந்தும் பாலெம்பாங்கிலிருந்தும் நோயாளிகளை ஏற்றிவர ஒரு ஜெட் வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம். பதினான்கு வயதான விமானம் ஒன்று அகப்பட்டது. வாலருகே இரண்டு எஞ்சின், எட்டு இருக்கை, பளபளவென்று புதுப் பெயிண்ட். புதுப் பெயிண்டைக் கண்டால் ஹமீது சாருக்கு முகம் சுருங்கும்.

ஒப்பந்தம் எளிமையானது, கடுமையானது. திங்கள் முதல் வெள்ளி வரை சோதிக்கலாம். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் காரணம் காட்டி எழுத்தில் மறுக்கலாம். மறுக்காவிட்டால் விமானம் டானுடையது. விற்பவர் சார்பில் ஒரு தரகரும் ஒரு மெக்கானிக்கும் வந்திருந்தார்கள்.

புதன்கிழமை பின்சுவரின் முறை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேலே போனால் மூச்சுவிடக் காற்று போதாது என்பதால் விமானத்தின் உட்புறத்தில் காற்றை அடைத்து வைப்பார்கள். ஒவ்வொரு பயணத்திலும் அந்த உலோகக் கூடு சைக்கிள் டியூப் போல உப்பிச் சுருங்கும். கூட்டின் பின்பக்கத்தை மூடி நிற்பது ஒரு வட்டச் சுவர். அது விட்டுக்கொடுத்தால் பின்னால் ஒன்றுமில்லை, ஆகாயம்தான். அந்தச் சுவரின் அடிப்பாகம் எங்கே இருக்கிறது என்றால் டாய்லெட்டுக்குக் கீழே. டாய்லெட் தொட்டியில் ஊற்றும் நீல மருந்துத் திரவம் கசிந்தால் அங்கேதான் போய்த் தேங்கும், அலுமினியத்தைச் சத்தமில்லாமல் தின்னும். பழைய ஜெட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அது. பார்ப்பதற்கு டாய்லெட்டைத் தூக்கி வெளியே வைத்து, கீழே உள்ள தரைப் பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும்.

தொட்டி காலி செய்யப்படாமல் இருந்தது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான். உன் ஆளை வைத்துத் தூக்கிக்கொள், எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் மனதில் ஒன்றும் இருந்திருக்காது. என் மனதில்தான் இருந்தது.

என் அப்பா முனிசிபல் தொழிலாளி. யாராவது கேட்டால் ‘முனிசிபல்’ என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். தேக்காப் பக்கத்துக் கடைவீடுகளின் பின்சந்துகளில் விடிவதற்கு முன்பே போய், கக்கூஸ் வாளிகளை எடுத்து லாரியில் ஏற்றுவது அவர் வேலை. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார ஒருவன் மறுத்தான். ஆசிரியர் அவனை இடம் மாற்றினார், ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையில் சேர்ந்து வெள்ளை ஓவரால் போட்ட அன்று, இனி நம் வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அன்றைக்கு அந்தக் குட்டி டாய்லெட்டின் முன்னால் முட்டி போட்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. திடலில் ஆட்கள் போவதும் வருவதும் ஜன்னலில் தெரிந்தது. தொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு அவர்களுக்கு முன்னால் படியில் இறங்குவதை நினைத்தேன். உடம்பு கூசியது. பிறகு தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இரண்டு விரல் சந்தில் டார்ச்சையும் கைக்கண்ணாடியையும் விட்டுப் பார்த்தேன். பச்சை நிற அடிப்பூச்சு தெரிந்தது. சுத்தமாக இருந்தது. போன வருடம் பலகையைத் திறந்து சுத்தம் செய்து பூச்சு அடித்ததாகப் புத்தகத்திலும் எழுதியிருந்தது. ‘பார்த்தது’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வியாழன் மாலை ஹமீது சார் படிவங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். பின்சுவரில் விரல் நின்றது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். பச்சைப் பூச்சு, சுத்தமாக இருக்கிறது என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பக்கத்தைத் திருப்பினார். அவர் நம்பிவிட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளி பகல் இரண்டு மணிக்கு ஏறினோம். இரண்டு பைலட்டுகள், அவர்களுக்குப் பின்னால் மடக்கு இருக்கையில் ஹமீது சார், நடுவில் டானும் தரகரும், கடைசி வரிசையில் நான். நாற்பதாயிரம் அடிக்குப் போய், உள்ளே காற்றழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிப் பார்ப்பது திட்டம். டான் புதுச் சட்டை போட்டிருந்தார். எங்கே ஸ்ட்ரெச்சர் வைக்கலாம் என்று கையால் அளந்து தரகரிடம் காட்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சின்கள் முழங்கின. வண்டி நகர்ந்து ஓடுபாதைப் பக்கம் திரும்பியது. பைலட் பிரேக்கைச் சோதிக்க ஒருமுறை அழுத்தியதும் எனக்குப் பின்னாலிருந்த டாய்லெட் கதவு சறுக்கித் திறந்துகொண்டது. மூடுவதற்குத் திரும்பிக் குனிந்தேன். கம்பளத்தின் ஓரம் சுருண்டு கிடந்தது. அடியில் தரைப் பலகையின் ஸ்க்ரூ வரிசை. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும், திருப்புளி நுழைய வேண்டிய பள்ளத்தில், பழைய பழுப்புப் பெயிண்ட் கெட்டியாக அடைத்திருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

 அந்தப் பலகையைப் போன வருடம் யாரும் திறக்கவில்லை. எந்த வருடமும் திறக்கவில்லை. நான் கண்ணாடியில் பார்த்த பச்சைப் பூச்சு, என்னைப் போலவே கழற்ற மனமில்லாத எவனோ அதே இரண்டு விரல் சந்தில் குழலை விட்டுப் பீய்ச்சியது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இன்னும் சில நிமிடத்தில் ஆறு பேர் அதன்மேல் சாய்ந்துகொண்டு மேலே போகப் போகிறோம்.

உண்மையைச் சொல்கிறேன், உடனே எழுந்துவிடவில்லை. ஒன்றும் ஆகாது, இவ்வளவு நாள் பறந்ததுதானே என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் லைசென்ஸ் போகும், வேலை போகும், பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன பதில் என்றும் அதே மனம் சொன்னது. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் முன்னால் தெரிந்தன. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தேன். தரகர் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்தார். உதறிவிட்டு முன்னால் போனேன்.

"சார், நிறுத்தச் சொல்லுங்க. பின்சுவர நான் பாக்கல."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.  பைலட்டின் தோளை இரண்டு விரலால் தட்டினார்.

திடலுக்குத் திரும்பியதும் தரகர் ஆட ஆரம்பித்தார். பறக்க மறுத்தது உங்கள் ஆட்கள், காரணம் எழுத்தில் எங்கே, மெக்கானிக் ஊருக்குள் போய்விட்டான், ஐந்து மணி அடித்தால் விமானம் டானுடையது என்றார். டான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி இரண்டே முக்கால். சந்தேகத்தை எழுதி மறுக்க முடியாது. பழுதைக் காட்ட வேண்டும்.

நான் உள்ளே போய் டாய்லெட் தொட்டியின் பிடிப்புகளை விடுவித்தேன். நிமிர்ந்தால் ஹமீது சார் எனக்கு எதிரில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார்.  ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். கதவருகில் அவர் பக்கம் தாழ்ந்து, நீலமும் மற்றதுமாக அவர் சட்டையிலும் என் கையிலும் சிந்தியது. படியில் இறங்கி, திடலில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் கீழே வைத்தோம். அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துவிட்டு மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்க்ரூக்கள் அசையவில்லை. ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுக்க வேண்டியிருந்தது. பதினெட்டு ஸ்க்ரூ. உள்ளே அடுப்பாக வெந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை சுத்தமாக இல்லை. ஹமீது சார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்க்ரூ வெளிவரும்போதும் மெல்லிய குரலில் எண்ணைச் சொன்னார். பதினொன்று சொல்லும்போது மணி மூன்றே முக்கால். கடைசி இரண்டும் தலை தேய்ந்து வழுக்கின. உளி வைத்து உடைத்தேன்.

பலகை வந்ததும் பார்த்தோம். பார்வைக்கு எட்டிய இடத்தில் மட்டும் பச்சை. அதற்குக் கீழே சுவரின் அடிவிளிம்பு முழுக்க வெள்ளை மாவு பூத்து, தகடு ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. திருப்புளியின் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. மறுபக்கத்து வெளிச்சம் அந்தத் துளையில் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு இடத்தில் அழுத்தினேன், அங்கும் போனது.

டானைக் கூப்பிட்டு அவர் கையில் திருப்புளியைக் கொடுத்தார் ஹமீது சார். டானும் ஒருமுறை குத்திப் பார்த்தார். எங்கே ஸ்ட்ரெச்சர் வைக்கலாம் என்று அளந்த அந்த மனுஷன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாலே முக்காலுக்கு மறுப்புக் கடிதம் தரகர் கையில் இருந்தது. அந்தப் பழுது அவருக்கு முன்பே தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எல்லாரும் போன பிறகு ஹமீது சார் என் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். புதன்கிழமைக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏன் கழட்டல?"

முதன்முதலாக ஒரு வெளியாளிடம் என் அப்பாவின் வேலையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், சத்தியத்தைச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"புரியுது சவரி. ஆனா இந்த ஃபாரத்துல காரணத்துக்குக் கட்டம் கெடையாது. பாக்கலன்னு போட்டிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் சார்."

புதன்கிழமை பார்க்காமல் கையெழுத்திட்டேன், வெள்ளிக்கிழமை பார்த்தேன் என்று என்னையே எழுதச் சொல்லி அறிக்கையோடு சேர்த்தார். அதன் பிரதி டானுக்கும் போனது. பிறகு உள்ளங்கையை நீட்டினார். கையெழுத்தோடு சேர்த்துக் குத்தும், என் பெயர் பொறித்த முத்திரையை எடுத்து அதில் வைத்தேன். ஆறு மாதம் அது அவர் இழுப்பறையில் இருந்தது. அந்த ஆறு மாதமும் மற்ற இன்ஸ்பெக்டர்களுக்கு டார்ச் பிடித்தேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எத்தனை தடவை சோப்புப் போட்டும் அந்த மருந்து வாடை போகவில்லை. மார்சிலிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஓய்வு பெற்று எங்களோடு இருந்த காலம். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர், நான் உள்ளே நுழைந்ததும் ரேடியோவை அணைத்தார்.

"என்ன ராசா, டாய்லெட் மருந்து வாடை அடிக்குது?"

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே வராது. அடுப்பங்கரையில் என் மனைவியின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். எதனால் கழற்றவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் அடுக்குமாடி பிளாக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.  முடித்ததும் அவர் கேட்டது இதுதான்.

"தூக்கும்போது சிந்துச்சா?"

"சிந்துச்சுப்பா. நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சோம்."

"ரெண்டு பேர் புடிச்சா சிந்தத்தான் செய்யும். ஒருத்தனாத் தூக்கணும், இப்படி, நெஞ்சோட சேத்து." மெலிந்த இரு கைகளையும் வளைத்து, எதையோ அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று காட்டினார். முழங்கால் மடங்கி நிமிர்ந்தது, இடுப்பு அசையவில்லை. "முப்பது வருசம். ஒரு வீட்டு வாசல்லயும் நான் சிந்துனது கெடையாது."

நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிச்சத்தையும் சொல்லுங்கப்பா என்று கேட்டேன்.